மே மாதப் பயிற்சியும் நவம்பர் ஏரியும்

கோடை விடுமுறையில் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தால் ஜூனில் பள்ளி திறந்ததும் அவர் வகுப்பு மாறுமா? நூற்றைம்பது ஆண்டுகளாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். மாறும் என்று நம்பித்தான் அரசுகள் செலவு செய்கின்றன. பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர்களில் பலருக்கு அந்த நம்பிக்கை இல்லை. எந்தப் பயிற்சி, எத்தனை நாள், முடிந்த பிறகு என்ன நடந்தது என்று ஆய்வாளர்கள் எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். உயிரியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் பாடமாக இருக்கும்போது இன்னும் இரண்டைக் கேட்க வேண்டியிருக்கிறது: எந்த மாதம், எந்த ஊர்? இயற்பியல் ஆசிரியர் ஊசலை மே மாதத்திலும் ஆட்டிக் காட்டலாம், நவம்பரிலும் ஆட்டிக் காட்டலாம். தென்சென்னைப் புறநகரின் செம்பாக்கம் ஏரியை அப்படிக் காட்ட முடியாது.

இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த விடைகளைத் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரையிலான தென்சென்னைப் புறநகரை மனதில் வைத்து இங்கே பரிசீலிக்கலாம்.

தீவில் தொடங்கிய கோடைப்பள்ளி

உயிரியல் ஆசிரியருக்கான கோடைப் பயிற்சியின் முன்னோடியாக 1873 ஜூலையில் தொடங்கிய ஒரு பள்ளியைச் சொல்வதுண்டு. ஹார்வர்டில் விலங்கியல் கற்பித்த லூயி அகாசி, மாசசூசெட்ஸ் கடலோரத்தில் பெனிகீஸ் என்ற சிறு தீவில் ஆசிரியர்களைக் கூட்டினார். ஆண்களும் பெண்களும் வந்திருந்தார்கள். புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கடல் உயிர்களைக் கையில் எடுத்து ஆராய்வதே பாடம். அந்த டிசம்பரிலேயே அகாசி இறந்துபோக, பள்ளி இன்னொரு கோடையோடு நின்றது. யோசனை மட்டும் நிற்கவில்லை. 1888இல் உட்ஸ் ஹோலில் எழுந்த கடல் உயிரியல் ஆய்வகம் அதே மரபில் வந்தது.

அந்தக் கடலோரத்தில் ஜூலை என்பது உயிர்கள் பெருகித் ததும்பும் மாதம். பள்ளி விடுமுறையும் இயற்கையின் செழிப்பும் அங்கே தாமாகவே சேர்ந்து வந்தன. யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் அல்ல அது. அந்த யோசனையை வேறு நாடுகள் எடுத்துக்கொண்டபோது அந்தப் பொருத்தம் கூடவே வரவில்லை.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1950களின் தொடக்கத்திலேயே ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிலரங்குகளை நடத்தத் தொடங்கியிருந்தது. 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அதற்குப் பணம் கொட்டியது. 1958இல் தொடங்கிய உயிரியல் பாடத்திட்டக் குழு நீலம், மஞ்சள், பச்சை என மூன்று பாடநூல்களை உருவாக்கியது. நீலம் மூலக்கூறிலிருந்தும் மஞ்சள் செல்லிலிருந்தும் தொடங்கின. பச்சை சூழலியலை முன்வைத்தது. புதிய புத்தகத்தைப் பழைய ஆசிரியரிடம் கொடுக்கக் கோடைப் பயிலரங்கே வழி என்ற எண்ணம் இந்தக் காலத்தில் உறுதிப்பட்டது.

1963இல் இந்தியாவிலும் அது தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் அமெரிக்க உதவியுடன் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குக் கல்லூரிகளில் கோடைப் பயிலரங்குகளை நடத்தின. 1964–66இல் கூடிய கோத்தாரி ஆணையம் ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுப் பணிக்கு ஒருமுறையாவது இரண்டு, மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி பெற வேண்டும் என்றது. அந்த அளவை நாம் இன்றுவரை எட்டவில்லை. இன்று பேசப்படுவதெல்லாம் நாள்கணக்கும் மணிக்கணக்கும்தான்.

பாட அறிவு போதவில்லை என்ற விடை

ஆசிரியரின் குறை பாட அறிவில் இருக்கிறது, அதைப் பேராசிரியர்கள் நிரப்ப வேண்டும் என்பது முதல் விடை. 1963 பயிலரங்குகள் பெரும்பாலும் இந்த எண்ணத்தில் எழுந்தவை.

இதைப் பழைய கருத்து என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் 9, 10ஆம் வகுப்பு அறிவியலை நடத்தும் பட்டதாரி ஆசிரியர் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பட்டம் பெற்றிருப்பார். நடத்த வேண்டியதோ நான்கையும். இயற்பியல் படித்த ஒருவர் மரபியலும் ஹார்மோன்களும் நடத்தும்போது தடுமாறுவதில் வியப்பில்லை. மேல்நிலையில் சிக்கல் வேறு. அங்கே தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி முதுகலை ஆசிரியர்கள் உண்டு. ஆனால் 2018 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களின் உயிர்தொழில்நுட்பப் பகுதிகளைப் பலர் கல்லூரியில் படித்ததே இல்லை.

1980களின் நடுவில் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் இந்த விடையின் பலவீனத்தைத் தொட்டுக் காட்டினார். பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எந்த உதாரணம் அவர்களுக்குப் பிடிபடும் என்று தெரிவது இன்னொன்று. ஒளிச்சேர்க்கையின் வேதிவினைகளை முழுதாக அறிந்த பேராசிரியருக்கு, செடி மண்ணைத்தான் ‘சாப்பிடுகிறது’ என்று உறுதியாக நம்பும் ஏழாம் வகுப்புப் பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி விரிவுரையை அப்படியே கோடைக்கு நகர்த்தும் பயிற்சிகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

முறையை மாற்றுவோம் என்ற விடை

இரண்டாம் விடை, மாற வேண்டியது வகுப்பு நடத்தும் முறை என்பது. இதற்கு இந்தியா தந்த வலுவான எடுத்துக்காட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம். 1972இல் கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற தன்னார்வ அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அதைத் தொடங்கின. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் பொறுப்பேற்றது. கோடையில் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து, பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் தாங்களே செய்தார்கள். பல்கலைக்கழக அறிவியலாளர்களும் அவர்களோடு உட்கார்ந்தார்கள். இதைவிட முக்கியமானது, பள்ளி திறந்த பிறகும் மாதந்தோறும் நடந்த கூட்டம். மே மாதத்தில் கற்றது ஆகஸ்டில் எங்கே சிக்கியது என்று பேச ஓர் இடம் இருந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த இத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. திட்டம் கற்பித்தலில் தோற்றதா, அரசியலில் தோற்றதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓர் அரசாணையில் நின்றுபோகும் அளவுக்கு அது மாநில நிர்வாகத்தின் வெளிவிளிம்பிலேயே இருந்தது என்பதை அதன் ஆதரவாளர்களும் மறுக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த சென்னை மாநகராட்சியின் பள்ளிகளில், ரிஷிவேலிப் பள்ளியின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007–08இல் மாநிலம் முழுவதும் போனது. நிர்வாகமே முன்னின்று நடத்தியதால் அந்த முறையின் கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளும் பள்ளிதோறும் வந்து சேர்ந்தன. அவற்றின் பின்னிருந்த சிந்தனை அதே வேகத்தில் வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

அங்கேதான் அடுக்குப் பயிற்சியின் சிக்கல் வருகிறது. மாநில அளவில் பயிற்சி பெற்ற முதன்மைக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநருக்கும், அவர் ஆசிரியருக்கும் சொல்லிக்கொடுப்பார். 1986 கல்விக் கொள்கையை ஒட்டி வந்த பெருந்திரள் பயிற்சித் திட்டமும், ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி என்று வகுத்த அனைவருக்கும் கல்வி இயக்கமும், 2019இல் வந்த நிஷ்தா பயிற்சித் திட்டமும் ஏதோ ஒரு வகையில் இந்த ஏணியையே நம்பின. லட்சக்கணக்கான ஆசிரியரை எட்ட வேறு வழி இல்லை என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் படிக்குப் படி சாரம் குறைகிறது. சூழலியலில் இந்த இழப்பு இன்னும் கூடுதல். மாநில அளவில் தயாரான கையேடு நீலகிரிக்கும் ராமநாதபுரத்துக்கும் சேலையூருக்கும் ஒன்றே. அந்தந்த ஊரின் ஏரியும் செடியும் அதில் இடம்பெற வழியில்லை.

ஆய்வகத்துக்கே அனுப்புவோம் என்ற விடை

மூன்றாவது விடை அகாசியின் நேர் வாரிசு. ஆசிரியரை ஒரு கோடை முழுக்க ஆய்வு செய்யவே விட்டுவிடுங்கள், அறிவியல் எப்படி நடக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவர் அதை வகுப்பில் வேறு மாதிரி சொல்லுவார் என்கிறது அது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பள்ளி ஆசிரியர்கள் தொடர்ந்து இரண்டு கோடைகள் ஆய்வகத்தில் வேலை செய்யும் திட்டம் 1990 முதல் நடந்துவந்தது. 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஆசிரியர் திட்டத்தில் சேர்ந்த மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அவருடைய மாணவர்களின் அறிவியல் தேர்வுத் தேர்ச்சி சுமார் 10 சதவீதம் கூடியிருந்ததாகச் சொன்னது. பலன் முதல் ஆண்டிலேயே தெரியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜூனில் பயிற்சி முடித்து மார்ச் தேர்வில் விளைவு தேடும் அதிகாரிகள் படிக்க வேண்டிய ஆய்வு இது.

ஆனால் இரண்டு கோடைகளைக் கொடுக்க முன்வரும் ஆசிரியர் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர். பலன் பயிற்சியால் வந்ததா, அந்த ஆளால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். செலவும் அதிகம்.

எத்தனை மணி நேரம்?

2007இல் அமெரிக்கக் கல்வித் துறைக்காகச் செய்த ஒரு தொகுப்பாய்வு 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தெடுத்தது. நம்பத்தக்க முறையில் செய்யப்பட்டவை என்று தேறியவை ஒன்பதே. அவற்றில் 14 மணி நேரமோ அதற்குக் குறைவோ கொண்ட பயிற்சிகள் மாணவரிடம் குறிப்பிடத்தக்க விளைவைக் காட்டவில்லை. சராசரியாக 49 மணி நேரம் கொண்டவை காட்டின. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. இரண்டு எண்களும் அருகருகே இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த ஒன்பதும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பற்றியவை. தவிரவும், இணையத்தில் காணொளி ஓடிய நேரமும் ஆசிரியர் கையால் ஏதாவது செய்த நேரமும் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன.

மணி நேரம் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. சீனாவின் தேசியப் பயிற்சித் திட்டத்தைக் கணித ஆசிரியர்களிடம் சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர் மதிப்பெண் அசையவில்லை. தென்னாப்பிரிக்காவில் தொடக்க வகுப்பு வாசிப்பைக் கற்பிக்க, மொத்தமாகக் கூட்டிப் பயிற்சி தருவதையும் பள்ளிக்கே போய் ஆசிரியர் பக்கத்தில் நின்று வழிகாட்டுவதையும் ஒப்பிட்டபோது, இரண்டாவது ஏறத்தாழ இரு மடங்கு பலன் தந்தது. இவை எதுவும் உயிரியல் பற்றியவை அல்ல. ஆனாலும் ஹோஷங்காபாத்தின் மாதக் கூட்டம் சுட்டும் திசையையே இவையும் காட்டுகின்றன.

தாம்பரம் முதல் பள்ளிக்கரணை வரை

பொதுவான இந்த விவாதங்களை ஊருக்குள் கொண்டுவந்தால் படம் மாறுகிறது. ஒரு பகுதி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியான இந்தப் புறநகரில் உயிரியல் ஆசிரியருக்குத் தேவையான களம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, காட்டை அழித்துவிட்டுக் கட்டடம் எழுப்பவில்லை. வேதியியல் பேராசிரியராக இருந்தும் தாவரங்களில் தோய்ந்த எட்வர்ட் பார்ன்ஸ், அவருடைய மனைவி ஆலிஸ் ஆகியோரின் அக்கறையால் இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாப் புதர்க்காடு அங்கே தங்கியது. அங்கே புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி தாம்பரம் பகுதிப் பறவைகளைப் பதிவு செய்தார். ஒருவர் வேதியியல்காரர், மற்றவர் புள்ளியியல்காரர் என்பது, பட்டம் வேறாக இருந்தும் உயிரியல் நடத்த நேர்கிற ஆசிரியருக்கு ஆறுதலான செய்தி.

வண்டலூரில் 1985இல் இடம் மாறி வந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பகுதியில் கொம்பன் ஆந்தை உண்டு. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்கிறது. அங்கே 1,248 ஹெக்டேர் அளவுக்கு 2022இல் ராம்சர் ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடும் நிற்கிறது. சூழலியல், மாசு, நகர நிர்வாகம் மூன்றையும் ஒரே பேருந்துப் பயணத்தில் காட்டக்கூடிய வேறு பாடசாலையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

நிறுவனங்களும் இருக்கின்றன. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளையும் சேர்ந்து 1989இல் சென்னையில் தொடங்கிய சுற்றுச்சூழல் கல்வி மையம் ஆசிரியர் பயிற்சியைத் தன் முதன்மை வேலைகளில் ஒன்றாகக் கொண்டது. தேசிய பசுமைப் படை பள்ளிகளுக்கு வந்தபோது பொறுப்பாசிரியர்களைப் பயிற்றுவித்ததில் அதற்குப் பங்குண்டு. 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ இதழ் வழியாகவும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் வழியாகவும் ஆசிரியர்களைத் தொட்டது. அது பயிற்சி என்று பெயர் சொல்லாமலே நடந்த பயிற்சி. அரசுப் பயிற்சிகளைவிட அதை விரும்பிப் போன ஆசிரியர்கள் பலர்.

களமும் நிறுவனமும் இருந்தும் தடையாக நிற்பது நாள்காட்டி. சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கருவால் மூக்கனும் வருவது அதை ஒட்டித்தான். பயிற்சிக்கு ஒதுக்கப்படும் மே மாதம் கத்திரி வெயில் காலம். ஏரிகள் வற்றி விளிம்பு வெடித்துக் கிடக்கும். வலசைப் பறவைகள் திரும்பிப் போயிருக்கும். ‘ஈரநிலச் சூழல்மண்டலம்’ என்ற பாடத்துக்கு ஆசிரியரை மே மாதத்தில் பள்ளிக்கரணைக்கு அழைத்துப் போனால் அவர் பார்ப்பது பாதிக் கதை. பெனிகீஸில் விடுமுறையும் உயிர்ப்பெருக்கமும் ஒன்றாக வந்தன. இங்கே அவை எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன.

மே மாதம் பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. வற்றிய ஏரியில்தான் கரையின் வடிவமும் மதகும் படிவமும் கண்ணுக்குத் தெரியும். சாக்கடை எங்கே வந்து கலக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. தேங்கிய நீரில் பாசியும் கொசுப்புழுவும் மிகும். கொன்றை பூத்திருக்கும். மர நிழலிலும் தார்ச்சாலையிலும் வெப்பமானியை வைத்தால் நகர வெப்பம் பற்றிய பாடம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த வற்றிய ஏரியைப் பார்த்தவர் நவம்பரிலும் அதே கரையில் நின்றால்தான் ‘பருவம்’ என்பது அவருக்குப் புரியும். 2015 டிசம்பர் 1–2இல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது ஏன் என்பதை விளக்க, அப்பகுதி ஏரிகளை நிறைந்த நிலையில் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே கோடைப் பயிற்சிக்கு எதிராகப் பொதுவாகச் சொல்லப்படும் குறை, அது ஒரே தடவையில் முடிந்துவிடுகிறது என்பது, உயிரியலில் இரட்டிப்பாகிறது. மற்றப் பாடங்களில் தொடர்ச்சி இல்லாவிட்டால் கற்றது மங்கும். இங்கே தொடர்ச்சி இல்லாவிட்டால் பாடமே பாதிதான் நடந்திருக்கும்.

யாருடைய விடுமுறை?

பயிற்சி ஆய்வுகள் அதிகம் பேசாத ஒன்று ஆசிரியரின் நேரம். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தம் முடிந்து, தேர்தல் ஆண்டானால் அந்தப் பணியும் முடிந்து மிஞ்சுவதே அவருடைய கோடை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியரை அனுப்ப அனுமதிக்கிறது. விடுமுறை உள்ள துறை என்பதால் ஈட்டிய விடுப்பும் மற்ற அரசு ஊழியர்களைவிட அவருக்குக் குறைவு. இந்நிலையில் கோடைப் பயிற்சியைப் பறிபோன விடுமுறையாக ஆசிரியர்கள் பார்த்தால் அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. இரண்டு கோடைகளைத் தாமே கொடுத்த நியூயார்க் ஆசிரியரையும், ஆணை வந்து பங்கேற்கும் பெருங்களத்தூர் ஆசிரியரையும் ஒரே அளவுகோலில் வைக்கவும் முடியாது. தனியார் பள்ளிகள் நிறைந்த இந்தப் புறநகரில், அரசுப் பயிற்சி வலைக்கு வெளியே நிற்கும் ஆசிரியர் தொகையும் பெரிது.

மறுபக்கம், பள்ளி நாட்களில் பயிற்சி வைத்தால் வகுப்பு காலியாகிறது. அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களைச் சனிக்கிழமைக்குத் தள்ளியது ஒரு சமரசம். மழைக்காலத்துக் களப்பயிற்சிக்கு இப்போதுள்ள ஏற்பாடுகளில் பொருந்தி வரக்கூடியது அதுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மழை விடுமுறையை ஈடுசெய்யும் சனிக்கிழமை வகுப்புகளும் அரையாண்டுத் தேர்வும் அதே நாட்களுக்குப் போட்டியிடுகின்றன.

இன்னும் முடிவாகாதவை

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பாட அறிவு தேவை, அது மட்டும் போதாது. ஓரிரு நாள் பயிற்சியால் மாணவர் கற்றல் உயரும் என்று நம்பச் சான்று மிகக் குறைவு. பயிற்சிக்குப் பின் யாராவது கூட நின்றால் பலன் கூடுகிறது. பல நாடுகளில், பல பாடங்களில் செய்த ஆய்வுகள் இந்த மூன்றிலும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

களத்தைத் தன் கண்ணால் பார்த்த ஆசிரியரின் மாணவர் அதிகம் கற்கிறாரா என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 செய்முறைக்கும் போகிறது. ஏரிக்கரையில் நின்று கவனிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதில் தனி மதிப்பெண் இல்லை. அளக்காத ஒன்று கூடியதா குறைந்ததா என்று தேர்வு முடிவுகளை வைத்துச் சொல்ல இயலாது. 1991இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. பாடம் வந்தது, அளவுகோல் வரவில்லை.

பயிற்சி நாட்களைப் பிரிக்கும் விதமும் திறந்த கேள்விதான். அதே பயிற்சி நாட்களை மேயில் மூன்று, நவம்பரில் இரண்டு, ஜனவரியில் ஒன்று எனப் பிரித்தால் செலவு கூடுமா, ஆசிரியர் வருகை குறையுமா, மழை கெடுக்குமா? வட்டார வள மையம் ஒன்று தன் எல்லைக்குள் உள்ள ஓர் ஏரியை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளுக்கு வழக்கமான கோடைப் பயிற்சியையும் மறுபாதிக்குப் பிரித்த பயிற்சியையும் இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்தால் இவற்றுக்கு விடை கிடைக்கும். கருத்தாளரும் களமும் இங்கேயே உண்டு. தேவைப்படுவது, நவம்பர் மாதச் சனிக்கிழமைகள் இரண்டை வேறு எதற்கும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று மாவட்டக் கல்வி அலுவலகம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஒரு சுற்றறிக்கை.